வட்டைக்கு ஒரு துவக்காவது முறையாகத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டுத்துவக்கு, அதாவது கட்டிவைத்த நூலில் கால் தட்டினால் தானாக வெடிக்கும் துவக்கு, வெடித்து ஒருவர் படுகாயம் என்ற செய்தி உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் அடிக்கடி வருகிறது. வயது, ஊர், சேர்த்த ஆஸ்பத்திரி, பொலிஸ் விசாரணை, அவ்வளவோடு முடிந்துவிடும். அந்த நாலு வரிக்குள் அடங்காத சங்கதி ஒன்று என்னிடம் இருக்கிறது. என் சொந்தத் தம்பி அப்படிக் காலை இழந்தவன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவன். வயது 67. எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, மேற்கே பற்றைக்காடு. நெல் குடலையாகி, கதிர் பறிந்து, பால் பிடிக்கிற நேரத்தில்தான் பண்டி (காட்டுப்பன்றி) இறங்கும். தின்பதைவிட அது உழக்குவதுதான் கூட. காலையில் போய் வரம்பில் நின்று பார்த்தால், பால்கதிரைச் சப்பித் துப்பின சக்கை உருண்டை உருண்டையாகக் கிடக்கும். படுத்துப் புரண்ட இடத்தில் பயிர் பாய் விரித்த மாதிரி சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். நாலு மாதம் உரத்துக்கும் எண்ணெய்க்கும் கடன்பட்டவனுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்பது வயல் செய்தவனுக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு கனடாவிலிருந்து என் மருமகன், தங்கச்சியின் மகன், வட்ஸ்அப்பில் கதைத்தான். அவன் அல்பேர்ட்டா மாகாணத்தில் இருக்கிறான். சின்ன வயதில் என்னோடு பரணில் காவல் இருந்தவன். "மாமா, மான் வேட்டைக்குப் போக ரைபிள் ஒண்டு எடுக்கப் போறன். காசும் கனக்கப் போகக்கூடாது. எதை எடுக்கிற?" என்று கேட்டான். கடையில் எடுத்த மூன்று படங்களையும் அனுப்பியிருந்தான். சவேஜ் அக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மொஸ்பேர்க் பேட்ரியட். மூன்றும் போல்ட் அக்‌ஷன். மூன்றும் 'பக்கேஜ்'. அதாவது துவக்கோடு தூரம் பார்க்கும் கண்ணாடியையும் பூட்டியே ஒரே விலைக்குக் கொடுக்கிறார்கள்.

போல்ட் அக்‌ஷன் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் காலத்துப் பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய திரீ நொட் திரீயும் அதே வகைதான். கதவுத் தாழ்ப்பாளைப் போலப் பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த கோது வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த ரவை உள்ளே போகும். ஓடுகிற உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு. விலை குறைந்த துவக்கிலும் இந்த வகை நேராகச் சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, நான் அவனிடம் முதலில் கேட்டது விலையை அல்ல, அனுமதியை. அங்கே பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனையில் தேறி, பிறகு விண்ணப்பிக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிக்கிறவர் குறைந்தது 28 நாள் காத்திருக்கத்தான் வேண்டும். அதையெல்லாம் முடித்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போயிருக்கிறான். கெட்டிக்காரன்.

அடுத்தது ரவையின் அளவு, அதாவது அங்குலக் கணக்கில் அதன் குறுக்களவு. .223 என்ற சிறிய ரவைக்காரத் துவக்கைத்தான் அவன் முதலில் பார்த்து வைத்திருந்தான். ரவை மலிவு, தோளில் இடிக்கவும் மாட்டாது. ஆனால் அல்பேர்ட்டாவில் மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு .23க்குக் குறைந்த அளவுள்ள ரவையைப் பாவிக்கச் சட்டம் விடாது. காயப்பட்ட மிருகம் ஓடிப்போய் எங்கோ கிடந்து வதைபடக்கூடாது என்பதற்குத்தான். அதை வாசித்துப் பார்க்காமல் காசைக் கொடுத்திருந்தால் அவனுடைய துவக்கு முயலுக்கும் நரிக்கும்தான் உதவியிருக்கும். பிறகு .243ஆ, .308ஆ என்று இரண்டு கிழமை கதைத்தோம். .243 தோளுக்கு இதம். .308 கொஞ்சம் இடிக்கும், ஆனால் எந்த ஊர்க் கடையிலும் ரவை கிடைக்கும். அவன் .308ஐ எடுத்தான்.

மூன்றில் எந்தக் கம்பனியின் துவக்கை எடுப்பது என்பதற்கு என் அப்பா எனக்குக் காட்டித்தந்த வழியையே சொன்னேன். குளிருக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொள், கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வை, பிறகு கண்ணைத் திற. கழுத்தை அசைக்காமல் கண்ணாடிக்குள் வட்டம் முழுசாகத் தெரிந்தால் அது உன் உடம்புக்கு ஏற்ற துவக்கு. கழுத்தை நீட்டித் தேட வேண்டி வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வா. மருமகன் என்னைப் போலக் கட்டையன். ஒன்றின் பிடி அவனுக்கு நீளமாகிவிட்டது. மற்ற இரண்டில் விசை மெதுவாகவும் ஒரே சீராகவும் விடுபடுகிற ஒன்றை எடுத்துக்கொண்டான். எது என்று இங்கே எழுதத் தேவையில்லை.

வாங்கி முதல்நாள் சுடுகளத்துக்குப் போய் 100 யாரில் சுட்டானாம். ஒரு ரவை மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று தாளிலேயே இல்லை. மனம் விட்டுப்போய் எனக்கு எடுத்தான். அவன் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அங்கே நின்ற வெள்ளைக்கார முதியவர் ஒருவர் வந்து கண்ணாடியைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்திருக்கிறார். பூட்டின புரி ஆணிகள் இறுகவேயில்லை. அவரே சாவி கொண்டுவந்து, கழற்றித் துடைத்து, ஒழுங்காக இறுக்கிக் கொடுத்தாராம். பின்னேரம் மூன்று ரவையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்த படம் எனக்கு வந்தது. பூட்டித் தந்தார்கள் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதே, நீயே சுட்டு நேராக்கின பிறகுதான் காட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

கடைசியில் கணக்குப் பார்த்தோம். கண்ணாடியோடு துவக்கு 600 டொலரைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அதன் பிறகு வகுப்புக்கும் அட்டைக்கும் காசு, பழகுவதற்கு ரவைப் பெட்டிகள், துப்புரவாக்கும் கம்பி, எண்ணெய், பூட்டு, இரும்பு அலுமாரி. வீட்டில் வைக்கும்போது ரவையில்லாமல், பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எல்லாம் சேர்த்தால் துவக்கின் விலையைப் போல இன்னொரு மடங்கு போய்விட்டது. "துவக்கை மட்டும் கணக்குப் போட்டு வந்தன் மாமா" என்றான்.

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. இங்கே எங்கள் ஆட்களின் கதையும் அதுதானே என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் இளம்பிள்ளைகள் சிலர் யூடியூபில் இந்த ரைபிள்களைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, நமக்கும் இது தந்தால் பண்டி ஒண்டும் வராதே" என்கிறார்கள். வேண்டாம். .308 ரவை தடைப்படாமல் போனால் நாலைந்து கிலோமீற்றர் போகும். அல்பேர்ட்டாவில் மருமகனுக்குப் படிப்பித்த முதல் பாடமே, மிருகத்துக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்துச் சுடு என்பது. எங்கள் வட்டை உள்ளங்கை போலத் தட்டை. அங்கொரு வாடி, இங்கொரு வாடி, ஒவ்வொன்றிலும் காவலுக்கு ஒரு மனிதன் படுத்திருப்பான், அப்பால் மாட்டுப்பட்டி, அதற்கும் அப்பால் அடுத்த கிராமம். இந்த நிலத்துக்குப் பன்னிரண்டு 'போர்' (குழல் அளவு) சொட்கன், அதாவது சன்னங்களைச் சிதறவிடும் துவக்குத்தான் சரி. 40 யாருக்குள் பண்டியை விழுத்தும். அதற்கு மேல் அதன் சன்னங்கள் சிதறி, பண்டியை விழுத்தும் வலுவை இழந்துவிடும். பயிர்க்காவலுக்கு இந்த நாட்டில் அனுமதி கொடுப்பதும் அந்த வகைக்குத்தான். அது நல்ல ஏற்பாடு.

அப்பாவிடம் அப்படி ஒன்று இருந்தது. பேர்மிங்ஹாம் என்று குழலில் பொறித்த ஒற்றைக்குழல். 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய லைசன்ஸ். வருடம் பிறக்குமுன் புத்தகத்தை எண்ணெய்ச் சீலைக்குள் சுற்றிக்கொண்டு தோணியில் வாவியைக் கடந்து பட்டணம் போய்வருவார். தோட்டாவை மூடி இறுகின பால்மாப் பேணிக்குள் அரிசியோடு புதைத்து வைப்பார். மாரி ஈரத்தில் கடதாசிக் கோது ஊதிவிட்டால் குழலுக்குள் போகாது. பழைய துவக்குக்கு இரண்டரை அங்குலத் தோட்டாதான், நீளமானதைப் போட்டால் குழல் தாங்காது என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். அனுமதியோடு பழைய துவக்கு வைத்திருக்கிற ஆட்கள் இன்றைக்கும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு போகத்துக்கு நாலு தோட்டாவுக்கு மேல் அவர் வெடித்ததை நான் கண்டதில்லை. அந்தத் துவக்கு வீட்டில் இருக்கிறது என்பதே அப்போது பாதிக் காவலாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, மடிப்புகளில் எழுத்துப் போய்விட்டது. துவக்கு திரும்பி வரவேயில்லை.

2007இல் போரினால், வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையை விட்டு ஓடி, பிறகு திரும்பி வந்தபோது வயலில் பாதி பற்றையாகிக் கிடந்தது. துவக்குச் சத்தம் கேளாத இத்தனை வருடத்தில் பண்டி பெருகியிருந்தது. கையில் ஒன்றுமில்லை. அப்போதுதான் கட்டுத்துவக்கு பரவியது. பண்டி நடக்கும் தடத்தில் நூலைக் கட்டி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்த நூல் பண்டியையும் பார்க்காது, மனிதனையும் பார்க்காது.

என் தம்பி ஒரு மார்கழி விடியற்காலையில் வீட்டுக்கு வராத பசுவைத் தேடிப் போனான். கருக்கல். கையில் டோர்ச் இருந்தது, ஆனால் வெளிச்சத்தைத் தூரத்துக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். நூல் காலடியில் இருந்தது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது சாரத்தைக் கிழித்துத் தானே கட்டிக்கொண்டு ஒரு வரம்பில் சாய்ந்திருந்தான். "அண்ணன், மாடு அந்தப் பக்கம் நிக்கிது, பிடிச்சுக் கட்டுங்க" என்றான். அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. உழவு மெசினின் பெட்டியில் போட்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர விடிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அதைக் கட்டினவன் வேற்று ஊரானும் அல்ல, எங்களுக்கு எதிரியும் அல்ல. எங்கள் சொந்தக்காரன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனும் சொட்கன் அனுமதிக்கு விண்ணப்பித்து இரண்டு போகம் காத்திருந்தவன். நான் அவனைக் காப்பாற்றப் பேசவில்லை. வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது, அது நியாயம். ஆனால் அந்த விண்ணப்பம் கிடைத்திருந்தால் அந்த நூல் அங்கே இருந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு நானும் விண்ணப்பித்தேன். கிராம சேவகரின் கையொப்பம், கமநல சேவை நிலையத்தின் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை எல்லாம் எடுத்தேன். ஓர் அலுவலகத்தில் காணி இன்னும் அப்பாவின் பேரில் இருக்கிறதே என்று திருப்பினார்கள். அதைச் சரிசெய்துகொண்டு போனால் முந்தின அறிக்கை பழசாகிவிட்டது, புதிதாக எடுத்து வாருங்கள் என்றார்கள். ஒன்றரை வருடம் போயிற்று. இடையில் துவக்கின் விலையை விசாரித்தேன். எனக்குச் சொன்ன விலை, மூன்று ஏக்கரில் பெரும்போகத்துக்குச் செலவு போக மிஞ்சுகிறதைவிடக் கூட. அதற்கு மேல் தோட்டா, பூட்டு, வருடாவருடம் புதுப்பிக்கப் போய்வருகிற செலவு, நாள்கூலி. விட்டுவிட்டேன்.

விட்டவர்கள் எல்லாரும் சும்மா இருக்கவில்லை. சிலர் மின்சாரத்தை நேரே கம்பிக்குள் விடுகிறார்கள். சிலர் பூசணிக்காய்க்குள் பண்டிவெடி வைக்கிறார்கள். அதைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டி ஒன்று எங்கள் குளக்கட்டுக்குக் கீழே இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றதை நான் பார்த்தேன். தாகம், ஆனால் அதனால் குடிக்க முடியவில்லை. தாய் பக்கத்திலேயே நின்றது. பயிரை அழிக்கிற யானையின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2025 மார்ச் 15 அன்று காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் அவரவர் காணியில் நிற்கிற குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணித் தரும்படி அரசாங்கம் கேட்டது. நானும் பேரனும் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணினோம். நல்ல முயற்சி, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் பண்டி காலை 8 மணிக்கு வருவதில்லை. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு வரும். அந்த நேரத்தில் வாடியில் ஒரு தகரத்தையும் தடியையும் வைத்துக்கொண்டு தட்டுகிற ஆளைப் பற்றித்தான் இப்போது கேட்கிறேன்.

மருமகன் வாங்கினது ஒரு பக்கேஜ் என்றேனே. எங்களுக்கும் அப்படி ஒரு பக்கேஜ் வேண்டும். துவக்கு மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ளது எல்லாம் ஒன்றாக, ஏழைக் கமக்காரனுக்கு எட்டுகிற விலையில். எல்லாருக்கும் தரச் சொல்லவில்லை. வட்டைக்கு ஒருவர் அல்லது இருவர் போதும். கமக்கார அமைப்பின் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், குடிக்காதவர், கோபக்காரர் அல்லாதவர், இரவுக் கண் தெளிவானவர் என்று பார்த்துத் தெரிவு செய்யட்டும். அவர்களுக்கு இரண்டு நாள் சுடுகளப் பயிற்சி கட்டாயமாக இருக்கட்டும். எப்படிச் சுடுவது என்பதைவிட எப்போது சுடக்கூடாது என்பதை அங்கே படிப்பிக்கட்டும். எளிமையான, ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ உள்ள சொட்கன் ஒன்றை, பூட்டோடும் சுவரில் பதிக்கிற இரும்புப் பெட்டியோடும் கொடுத்து, விலையை நாலு போகத்தில் கட்டவிடுங்கள். உழவு மெசினுக்கு அப்படித்தானே கட்டுகிறோம். தோட்டாவை எண்ணிக் கொடுங்கள். வெறும் கோதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது என்று வையுங்கள், கணக்கு பிசகாது. லைசன்ஸ் புதுப்பிக்கும் வேலையை வருடத்தில் ஒரு நாள், கமநல சேவை நிலையத்திலேயே, சம்பந்தப்பட்ட எல்லா உத்தியோகத்தரையும் ஒரே மேசையில் இருத்தி முடித்துவிடலாம். பழைய துவக்கு உள்ளவர்கள் அன்றைக்கே கொண்டுவந்து குழலைச் சோதித்துக்கொள்ளட்டும். அதற்கு முன், கட்டுத்துவக்கு வைத்திருப்பவர் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று ஒரு மாதத் தவணை அறிவியுங்கள். பற்றைக்குள் எத்தனை கிடக்கின்றன என்பது அப்போது தெரியவரும்.

மட்டக்களப்பில் மறுபடியும் துவக்கா என்று பலருக்கு நெஞ்சு திடுக்கிடும் என்பது எனக்குத் தெரியும். என் மனுசியே இதை எழுத வேண்டாம் என்றாள். அவளுடைய அண்ணன் ஒருவர் போனது துவக்கினால்தான். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் துவக்கு இப்போதும் இருக்கிறது, பற்றைக்குள் ஆளில்லாமல், நூலின் நுனியில். ஆளும் பேரும் இலக்கமும் உள்ள துவக்கு வீட்டில் பூட்டிக் கிடப்பது எனக்கு அதைவிடப் பயம் குறைவு.

பெரும்போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் விதைப்புக்கு முன் நடக்கும். தண்ணீர் திறக்கிற திகதி, விதைக்கிற திகதி, மாடுகளை அப்புறப்படுத்துகிற திகதி என்று எல்லாம் தீர்மானிப்பார்கள். காட்டு விலங்குப் பிரச்சினை கடைசியில் வரும். அதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். இந்த முறை அதை முதலாவதாக எடுக்கும்படி எங்கள் அமைப்பின் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அதற்கு முன் பிரசுரித்தால் அதன் பிரதியையும் கையில் கொண்டுபோவேன். தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவர்,
வெல்லாவெளி.